காமாலை சர்டிபிகேட்

வெள்ளானூர்,
22.1.2024

மகள் எழிலரசிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கத் தேவையில்லை. சௌக்கியத்தைத் தேடித்தானே ஜவ்வாது மலை ஏறியிருக்கிறாய்.

போனில் பேச வேண்டாம் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். நான் கத்துகிறேனாம், அவளுக்குப் பிரஷர் ஏறுகிறதாம். உனக்கும் அங்கே டவர் கிடைக்க ஒரு மேட்டில் ஏறி நிற்க வேண்டுமாம். அதனால் போஸ்ட் ஆபீஸுக்குப் போய் இன்லண்டு லெட்டர் கேட்டேன். "இதெல்லாம் இன்னும் வாங்கறீங்களா சார்?" என்றாள் அங்கிருந்த பெண். என் மகள் நாகரிகத்தை விட்டுப் போய்விட்டாள் அம்மா, வேறு வழியில்லை என்று சொல்லிப் பத்து வாங்கினேன். பத்து போதும். ஆறு மாத லீவுக்கு அதற்கு மேல் என்ன எழுத இருக்கிறது?

உன் தாத்தா இந்த வெள்ளானூரில் ஆண்டையின் நிலத்தில் முட்டிவரை சேற்றில் நின்றார். நான் அந்தச் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஓடி, முப்பத்தேழு வருஷம் டர்னராக லேத்தின் முன்னால் நின்றேன். இரண்டு தலைமுறை நின்ற பிறகு நீ உட்கார்ந்தாய். உன் ஆபீஸில் பெற்றோரைக் கூப்பிட்டு விருந்து வைத்தார்களே, அன்றைக்கு யாரும் பார்க்காதபோது நாலாவது மாடியில் ஜன்னல் ஓரம் இருந்த உன் நாற்காலியில் உட்கார்ந்து நான் ஒரு சுற்றுச் சுற்றினேன். இதை உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த நாற்காலியை விட்டுவிட்டு நீ சாமை புடைக்கப் போயிருக்கிறாய்.

ஜூலை 15 அன்று லீவு முடிகிறது. காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதுவரை ஆசை தீர மண்ணில் புரண்டுவிட்டு வா.

இப்படிக்கு,
வி. பச்சையப்பன்


நெல்லிக்கொல்லை,
9.2.2024

அன்புள்ள நைனாவுக்கு,

உன் கடிதம் பதினோரு நாள் கழித்துத்தான் வந்தது. தபால்காரர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் இந்தப் பக்கம் வருவார். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? நீ மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

நான் மண்ணில் புரளவில்லை நைனா. இங்கே பெண்கள் சேர்ந்து ஒரு கொட்டகையில் சாமை அரவை மெஷின் வைத்திருக்கிறார்கள். பேபி அக்கா என்று ஒருத்தர்தான் தலைவி. கொட்டகை என் பொறுப்பு. அள்ளுகிறேன், சலிக்கிறேன், மூட்டை தைக்கிறேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, இப்போது தோல் தடித்துவிட்டது. நாலாவது மாடியில் ஏழு வருஷம் என்ன செய்தேன் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் நினைவில்லை. மீட்டிங்கில் உட்கார்ந்து அடுத்த மீட்டிங் எப்போது என்று பேசினோம். அவ்வளவுதான்.

ஒரு உதவி வேண்டும். மெஷினில் பெல்ட் வாரத்துக்கு ஒன்று அறுந்துபோகிறது. எப்போதும் ஒரே பக்கத்து ஓரம்தான் பிய்கிறது. ஓடும்போது கிறீச்சென்று கத்துகிறது. திருவண்ணாமலையிலிருந்து வந்த மெக்கானிக் புது பெல்ட்டை மாட்டிவிட்டுப் போய்விட்டார். அதுவும் அறுந்துவிட்டது. என்னவாக இருக்கும்?

நாற்காலியில் சுற்றியது நல்ல காரியம். நான்கூட அப்படிச் சுற்றியதில்லை.

உன் மகள்,
எழில்


வெள்ளானூர்,
26.2.2024

எழிலரசிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் முட்டி அப்படியேதான் இருக்கிறது. என் மாத்திரையைப் பற்றி மலையிலிருந்து விசாரிக்க வேண்டாம்.

கையில் தோல் தடித்துவிட்டது என்று மெடல் வாங்கியதுபோல எழுதியிருக்கிறாய். உன் தாத்தாவின் கையைப் பார்த்திருந்தால் தெரியும். அந்தக் கையால் என் முகத்தைத் தடவினால் கன்னம் கீறும். அதற்காக அவரை யாரும் பாராட்டவில்லை. நீ பட்டம் வாங்கி, பாஸ்போர்ட் எடுத்து, அதற்கப்புறம் அந்தக் கைக்குப் போயிருக்கிறாய். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

சிரிக்கத்தான் இங்கே ஆள் இருக்கிறதே. எதிர்வீட்டு வேம்புலி தினமும் கேட்கிறான். "இன்னா மாமே, பாப்பா கண்ணுலயே பட மாட்டேங்குது? ஊட்டுல இல்லியா?" ட்ரெயினிங், பெங்களூரில் ஆறு மாதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "பெரிய ட்ரெயினிங்காத்தான் கீது" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவன் பேச்சில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

பெல்ட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். மலைக்காற்றைக் கேள், அது சொல்லும்.

வி. பச்சையப்பன்


நெல்லிக்கொல்லை,
2.4.2024

அன்புள்ள நைனாவுக்கு,

நலம். அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும். மோர் குடி. இங்கே காலையில் இன்னும் ஸ்வெட்டர் போடுகிறோம் என்று எழுதினால் திட்டுவாய், அதனால் எழுதவில்லை.

பெங்களூர் என்று ஏன் சொன்னாய்? வேலை செய்துதானே சாப்பிடுகிறேன். திருடிவிட்டா ஓடிவந்தேன்?

பெல்ட் மறுபடி அறுந்துவிட்டது. ஆறாவது. பெல்ட் வாங்க ஒவ்வொரு தடவையும் பேபி அக்கா போளூர்வரை பஸ்ஸில் போய்வர வேண்டியிருக்கிறது, ஒரு நாள் போய்விடுகிறது. "உங்கப்பா மெஷின்காரருன்னு சொன்னியே, கேட்டியா?" என்று கேட்டார். கடிதம் இன்னும் வரவில்லை என்றேன். பார், உன்னால் நானும் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கோபத்தை என்மேல் வைத்துக்கொள், மெஷின் என்ன பாவம் செய்தது?

ஜூலையைப் பற்றிக் கேட்டு அம்மா மெசேஜ் அனுப்பியிருந்தாள். மேட்டில் ஏறியபோதுதான் பார்த்தேன். ஜூலை வரட்டும் நைனா, பேசிக்கொள்ளலாம்.

எழில்


வெள்ளானூர்,
20.4.2024

எழிலரசிக்கு,

இருவரும் இருக்கிறோம். வெயில் நூற்றுநாலு. உன் ஆபீஸில் இருபத்திரண்டு டிகிரி வைத்திருப்பார்கள்.

ஆண்டையின் நிலம் இருந்த இடத்தில் பிளாட் கட்டியிருக்கிறார்களே, அங்கே கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். சரவணக்குமார். அவரும் கம்ப்யூட்டர்தான். உன் அம்மா வாய் தவறி அவர் மனைவியிடம் உன் கதையைச் சொல்லிவிட்டாள். அந்த மனிதர் வீடு தேடி வந்து என் கையைக் குலுக்கினார். "உங்க பொண்ணு வேற லெவல் அங்கிள். எனக்கும் இதான் கனவு, தைரியம்தான் இல்ல" என்றார். கையில் ஒரு பாக்கெட் சாமை வேறு. ஆர்கானிக்காம். உன் தாத்தா நின்ற சேற்றுக்கு மேல் மூன்றாவது மாடியில் பால்கனி கட்டி உட்கார்ந்துகொண்டு மண்ணைக் கனவு காண்கிறார். தினம் காலையில் எட்டரைக்கு பிரியாணிப் பொட்டலம் மாதிரி இறுக்கக் கட்டிய பையோடு கேபுக்கு நிற்கிறார். அவர் கனவு காண்பார், வேலையை விட மாட்டார். புத்திசாலி. கிறுக்குக்கு என் வீட்டில் பிறந்தவள்தான் கிடைத்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேனேஜருக்கு எழுதினாயா? எங்கள் பாக்டரியில் லீவு முடிந்து ஒரு தகவலும் இல்லாமல் பத்து நாள் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் கேட்டில் நின்று அழுதாலும் உள்ளே விட மாட்டார்கள். உன் இடத்தை எவளாவது பிடித்துக்கொள்வாள். ஜூன் முதல் வாரமே ஒரு மெயில் போட்டு வை. ஜூலை பத்துக்குள் இங்கே வந்துவிடு. முடி வெட்டி, மனுஷியாக ஆபீஸுக்குப் போக நாலு நாளாவது வேண்டும்.

வி. பச்சையப்பன்


நெல்லிக்கொல்லை,
8.7.2024

அன்புள்ள நைனாவுக்கு,

நீயும் அம்மாவும் நலம்தானே. இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டு. மழை பிடித்ததும் விதைப்பு ஆரம்பித்துவிட்டது. நானும் எல்லார் கொல்லையிலும் முறை வைத்துப் போனேன். இன்றைக்கு நாம் அவர்கள் கொல்லைக்குப் போனால் நாளைக்கு அவர்கள் நம் கொட்டகைக்கு வருவார்கள். இங்கே ஆண்டை கிடையாது நைனா. இதை நீ கவனிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது 15ஆம் தேதி தாண்டியிருக்கும். நான் வரவில்லை. சாமை அறுப்பு அக்டோபர் கடைசியில். அறுப்பு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம். ஆபீஸைப் பற்றி நீ கவலைப்படாதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெல்ட் இன்னும் அப்படியேதான்.

எழில்


வெள்ளானூர்,
19.7.2024

எழிலரசிக்கு,

நான் 10ஆம் தேதியிலிருந்து ஆவடி பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருந்தேன். திருவண்ணாமலையிலிருந்து எந்த பஸ்ஸில் வருவாய் என்று தெரியாது, அதனால் வந்த பஸ் எல்லாவற்றையும் பார்த்தேன். ஆறு நாள்.

அறுப்பு முடியட்டுமாம். அறுப்பு! இந்த வார்த்தை என் வீட்டில் மறுபடி கேட்கக் கூடாது என்றுதானே உன்னைப் படிக்க வைத்தேன்.

உன் ஆபீஸை நீ பார்த்துக்கொள்ளும் லட்சணம் தெரிகிறது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

வி. பச்சையப்பன்


நெல்லிக்கொல்லை,
14.9.2024

அன்புள்ள நைனாவுக்கு,

இது மூன்றாவது கடிதம். ஆகஸ்டில் போட்ட இரண்டும் வந்ததா இல்லையா? மேட்டில் ஏறி போன் பண்ணினால் நீ எடுக்கவில்லை. அம்மா எடுத்து, "நல்லாக்கீறாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவள் குரல் சரியில்லை.

ஆபீஸை நீ பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினாயே, என்ன செய்தாய்? உனக்கு உடம்புக்கு ஏதாவதா? திட்டியாவது எழுது.

எழில்


வெள்ளானூர்,
23.9.2024

எழிலுக்கு அம்மா எழுதறது.

நல்லா இருக்கியாமா. நேரத்துக்குச் சாப்பிடு. உங்கப்பா ரேஷன் கடைக்குப் போயிருக்காரு, அதுக்குள்ள எழுதறேன். அவர் உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பேசறதுதான் இல்ல.

ஆடி மாசக் கடைசியில அவரு ஆவடியில ஒரு கிளினிக்குக்குப் போயி உன் பேருக்கு ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கினாரு. உனக்குக் காமாலைன்னு. மூணு மாசம் படுக்கையில இருக்கணும்னு எழுதி வாங்கினாரு. பாக்டரியில எல்லாம் அப்படித்தானாம், சர்டிபிகேட் குடுத்தா இடத்த எடுக்க மாட்டாங்களாம். கல்யாணத்துக்குப் போடற வெள்ளைச் சட்டைய அயர்ன் பண்ணி போட்டுகினு உன் ஆபீஸுக்குப் போனாரு.

கேட்ல செக்யூரிட்டியா நிக்கறது ஜேம்ஸ், இவர்கூட பாக்டரியில இருந்தவரு, எதிர்வீட்டு வேம்புலிக்கும் தெரிஞ்சவரு. அவருதான் உள்ள சொல்லி ஒரு பொண்ண வரவழைச்சிருக்காரு. அந்தப் பொண்ணு தண்ணி குடுத்து உக்கார வெச்சி, "அங்கிள், அவங்க ஜனவரியிலயே ரிசைன் பண்ணிட்டாங்களே, கேக்கெல்லாம் வெட்டினோமே"ன்னு சொல்லிச்சாம். நீ வேணாம்னு விட்டுட்டுப் போன பொட்டிய ஜேம்ஸ் எடுத்து வெச்சிருந்து இவர்கிட்ட குடுத்தாரு. ஒரு கப்பு, ஒரு சின்னத் தலகாணி, வீட்ல போடற செருப்பு. அத மடியில வெச்சிகினு பஸ்ல வந்தாரு.

காலண்டர்ல போட்ட வட்டம் அப்படியே கீது. லீவுன்னு ஏமா சொன்ன?

அம்மா சாவித்திரி


நெல்லிக்கொல்லை,
2.10.2024

நைனாவுக்கு,

அம்மா எழுதிவிட்டாள். ஆமாம், லீவு இல்லை, ராஜினாமா. அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஆறு மாதத்தில் உனக்குப் பழகிவிடும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியபோதாவது சொல்லியிருக்க வேண்டும். செய்தது தப்பு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், மன்னித்துவிடு.

ஆனால் நீ செய்தது என்ன? எனக்குக் காமாலையா? மலையேறி மூட்டை தூக்குகிறவளைப் படுக்கையில் போட்டு எழுதி வாங்கியிருக்கிறாய். ஏழு வருஷம் நான் இருந்தேனா செத்தேனா என்று கேட்காத இடம் அது. என் வயதுகூட ஆகாத ஒரு பெண்ணின் முன்னால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பொய்ச் சீட்டை நீட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாயா? எதற்கு? ஒரு நாற்காலிக்கு. உனக்கு வெட்கமாக இல்லையா நைனா?

அறுப்புக்கு மூன்று வாரம் இருக்கிறது. மெஷின் இப்படியே இருந்தால் இந்த வருஷச் சாமையை உமியோடு வியாபாரிக்குப் போட்டுவிட்டுக் கொட்டகையைப் பூட்டிவிடலாம் என்று பேபி அக்கா சொல்கிறார். பூட்டினால் இங்கே எனக்கு வேலை இல்லை. நீ ஜெயித்துவிடுவாய். பெல்ட்டைப் பற்றி இனிமேல் கேட்க மாட்டேன்.

எழிலரசி


வெள்ளானூர்,
11.10.2024

எழிலுக்கு,

அப்பா எழுதுவது. சௌக்கியம். நீயும் அப்படியே இரு.

இதை ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். பத்து இன்லண்டு லெட்டரில் மீதி ஆறு இருக்கிறது, ஆனால் அது போய்ச் சேர்வதற்குள் உங்கள் அறுப்பு வந்துவிடும்.

உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வியை இதே வார்த்தையில் நான் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன்.

எண்பத்துமூன்றில் நான் ஆண்டையிடம் சொல்லாமல் கொள்ளாமல் பாக்டரியில் சேர்ந்துவிட்டேன். இரண்டு அறுப்பு நான் நிலத்தில் இறங்கவில்லை. ஒருநாள் ஷிப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடு சைக்கிளில் வருகிறேன், ஆண்டை களத்தில் நின்றுகொண்டு, "இன்னாடா பச்சையப்பா, காமாலை எறங்கிடுச்சா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து உன் தாத்தாவைக் கேட்டேன். இரண்டு வருஷமாக அவர் களத்துக்குப் போய், துண்டை இடுப்பில் கட்டி, கையைக் கட்டி நின்று, பையனுக்குக் காமாலை, அடுத்த அறுப்புக்கு வந்துடுவான் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் தெருவே கேட்கக் கத்தினேன். "உனக்கு வெக்கமா இல்லியா?" "உன் எடம் போயிடக் கூடாதுன்னுதான்டா" என்றார். எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை.

கிளினிக்கில் டாக்டர், "இன்னா வியாதின்னு எழுதட்டும்?" என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, காமாலை என்று என் வாயில் வந்தது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்தபோதுதான் உறைத்தது. படித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்தேன், உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. சேற்றிலிருந்து ஓடி வந்தவன் என்று நாற்பது வருஷமாக மார் தட்டிக்கொண்டிருந்தேனே, என்னைவிடக் கேவலமான ஆள் இந்த வெள்ளானூரில் கிடையாது. உன் தாத்தா ஏழை, பொய் சொன்னார். பென்ஷன் வாங்குகிறவனுக்கு என்ன வந்தது?

அதற்காக நீ செய்தது சரி என்று ஆகிவிடாது. கேக் வெட்டியவள் ஒரு துண்டாவது வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாம். சாமை சோறு எனக்குப் பிடிக்காது, அனுப்பாதே. சரவணக்குமாருக்கு அனுப்பு, அவர் போட்டோ எடுத்துவிட்டுச் சாப்பிடுவார்.

இன்று காலையில் வேம்புலி மறுபடி கேட்டான். "பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லேன்னு ஜேம்ஸ் சொன்னானே, இன்னா வியாதி?" ஒரு வியாதியும் இல்லை, நல்லாத்தான் கீறா, வேலையை விட்டுட்டு மலையில மெஷின் ஓட்டறா என்றேன். அவன் என்ன முகம் காட்டினான் என்று நான் பார்க்கவில்லை. உன் செருப்பை அம்மா தனியாக அனுப்புகிறாள்.

இப்போது மெஷின். பிப்ரவரியில் நீ முதல் தடவை எழுதியபோதே எனக்குத் தெரியும். ஒரே பக்கத்து ஓரம் பிய்கிறது என்றால் லேத்தில் ஒரு மாதம் நின்றவன்கூடச் சொல்லிவிடுவான். பெல்ட் அறுந்து அறுந்து உனக்கு அலுத்துப்போகட்டும், தானாக இறங்கி வருவாய் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். எட்டு மாதம்.

பெல்ட் ஓடுகிற இரண்டு சக்கரம், மோட்டார் புல்லியும் மெஷின் புல்லியும், ஒரே கோட்டில் இல்லை. கரண்டை நிறுத்திவிட்டு, மோட்டாரின் அடியில் உள்ள நாலு போல்ட்டையும் தளர்த்து. ஒரு நூலை எடுத்து இரண்டு புல்லியின் முகத்துக்கும் குறுக்கே இழுத்துப் பிடிக்கச் சொல். ஒரு பக்கம் பேபி அக்கா பிடிக்கட்டும். ஒவ்வொரு புல்லியிலும் இரண்டு ஓரம், ஆக நாலு இடத்தில் நூல் பட வேண்டும். மூன்றில் பட்டால் போதும் என்று மெக்கானிக் சொல்வான், கேட்காதே. மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்து. நாலிலும் பட்ட பிறகு போல்ட்டை முடுக்கு.

இப்படிக்கு,
வி. பச்சையப்பன்,
டர்னர்